மக்காத குப்பை

புதன்கிழமை வந்தாலே ஷீபாவுக்கு வயிறு எரியும். கோட்டாற்றில் அவளுடைய தெருவுக்கு மக்காத குப்பை எடுக்கும் வண்டி அன்றுதான் வரும். எதிர்வீட்டு ஜாஸ்மியின் கணவனுக்கு கத்தாரில், தோகாவில் வேலை. அவள் வாசலில் ஏர் பிரையர், மிக்சி, செருப்பு என்று வாரம் தவறாமல் புதுப் பெட்டிகளும் தெர்மாகோலும் குவிந்திருக்கும். ஷீபாவின் கணவன் தூக்கி வந்து வைக்கும் சாக்கில் பால் கவர்களும் எண்ணெய் பாட்டில்களும்தான்.

இனி வாரம் இரண்டு முறை எடுக்கலாமா என்று மாநகராட்சி யோசித்தது. கவுன்சிலர் தெருக்காரர்களைக் கூட்டிக் கேட்டார்.

"ஒருநாள் போதும் சார்," என்று ஷீபா கையைத் தூக்கி முந்திக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஜாஸ்மி அவள் காதருகே மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் ஒருநாள் போதும்க்கா. ஒங்க சாக்க அண்ணன் தூக்கிட்டு வந்து வெச்சிட்டு, ஒங்ககிட்ட சிரிச்சுப் பேசிட்டு நிப்பாவ. நான் ஒத்தையில இழுத்துட்டு வரணும். அதப் பாக்க ஒருநாளே தாங்க முடியல்ல."

ஜாஸ்மியின் கண்கள் கலங்கியிருந்தன. ஷீபாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நெஞ்சு குளிர்ந்தது.

அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"சார், ரெண்டு நாளே வரட்டும்."