மக்பூலின் பெயரில் ஓர் அறை

கண்டக்குழியில் கடலுக்குப் போனால் வாந்தியெடுக்கிற மீன்பிடிக்காரன் ஒருவன் இருந்தான் என்றால் அது நான்தான். பதினாறு வயதிலிருந்து நான்கு வருசம் அப்பாவின் வள்ளத்தில் போனேன். நான்கு வருசமும் கரை மறைவதற்குள் வயிறு தொண்டைக்கு வந்துவிடும். பக்கத்து வள்ளத்துக்காரர்கள், "பஸ்தியான் அண்ணை, மகன் மீனுக்குச் சாப்பாடு போட்டு முடிச்சிட்டானா? நாங்க வலை விடலாமா?" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்பா துடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே, 1946இல் புத்தளத்தில் ஒரு வருசம் மின்சார வேலை பழக்குகிறார்கள் என்று கோயில் கதவில் ஒட்டியிருந்ததைக் கண்டு நான் ஓடிப்போய்ச் சேர்ந்ததற்கு விஞ்ஞான ஆர்வம் காரணமில்லை. தரை ஆடாது என்பதுதான் காரணம்.

வகுப்பு நடந்தது உப்புநீர்க் களப்புக்கரையில் ஒரு தகரக் கொட்டகையில். யுத்தத்துக்காகக் கட்டிய கொட்டகை. யுத்தம் முடிந்ததும் படை போய்விட்டது. அது விட்டுப்போன கரண்ட் எஞ்சின், அது விட்டுப்போன வயர், அது விட்டுப்போன வாங்குகள், அவற்றில் உட்கார்ந்து படிக்க நாங்கள் பன்னிரண்டு பேர். எங்களுக்குப் படிப்பித்த அன்ரனிப்பிள்ளை மாஸ்டர் சிலாபத்துக் கரையில் பிறந்து, கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வயர் இழுத்தவர். பேச்சுக்கும் மீட்டர் ஓடுகிறது என்பதுபோல அளந்துதான் பேசுவார்.

வேலைக்கு எங்களைச் சோடி சோடியாகப் பிரித்தார்கள். எனக்கு வாய்த்தவன் மக்பூல். புத்தளம் டவுன்காரன். வாப்பா இல்லை, உம்மா றஹ்மத் உம்மா மட்டும். பன்னிரண்டு வயதிலிருந்து உப்பளத்தில் நின்றவன். உப்புநீரில் நின்று நின்று அவனுடைய கால்விரல் இடுக்குகளில் ஆறாத புண்கள் இருந்தன. பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த ஹயாத்து முகம்மது ஹாஜியார் கடிதம் கொடுத்து அவனை வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார். சான்றிதழ் கிடைத்தால் கொழும்பில் வேலை, கிடைக்காவிட்டால் திரும்ப உப்பளம் என்பதை அவன் ஒரு தரம்தான் என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு சொல்லவேண்டி இருக்கவில்லை. அவன் வேலை செய்கிற விதத்திலேயே அது தெரியும். ஒரு வயரைத் தொடுவதற்கு முன் எஞ்சின் நிற்கிறதா என்று மூன்று தரம் போய்ப் பார்த்துவருவான். நான் ஒரு தரம் பார்ப்பேன், அதுவும் அவன் பார்க்கச் சொன்னால்.

வகுப்பு வருசத்தின் கடைசியில் சோதனை. ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு அறையுள்ள ஒரு கட்டடம் கொடுத்தார்கள். ஆளுக்கு ஓர் அறை. தன் அறைக்குத் தன் கையால் மட்டும் வயர் இழுத்து, வேலைப் புத்தகத்தில் அந்த அறைக்கு நேரே கையெழுத்து வைக்கவேண்டும். ஒருவன் அறையில் மற்றவன் கை வைத்தது தெரிந்தால் இருவருமே வெளியே. புத்தகத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அது கொழும்பிலிருந்து வந்த கட்டளை. மாஸ்டராலும் ஒரு நிமிசம் கூட்ட முடியாது.

எங்களுக்கு வந்தது உப்புக் கிடங்கில் முன்பு கணக்கெழுதிய பழைய கந்தோர். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குப் போன மக்பூல் முகம் வெளிறித் திரும்பிவந்தான்.

"உம்மாக்குக் காச்சல் கூடி நெனவில்லாமப் பேசுறாவாம், மச்சான். வீட்டுல ஒருத்தருமில்ல. எண்ட அறையில இன்னம் அஞ்சு இணைப்புக் கெடக்கு."

"நீ போ. நான் பாக்கிறன்."

"தெரிஞ்சா ரெண்டு பேரும் போச்சு."

"ஆர் பாக்கப் போறாங்க? அஞ்சு மணிக்குள்ள வந்து கையெழுத்தை மட்டும் வை."

அவன் போனான். நான் நல்லவனாகத்தான் அந்த ஏணியில் ஏறினேன். இதைச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நான் நல்லவனாக இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

இரண்டு வயர்களின் செம்பைச் சுரண்டி, முறுக்கி, அதன்மேல் ரப்பர் நாடா சுற்றுவதுதான் இணைப்பு. வயரைச் சுற்றுக்கு மேல் சுற்றாக இறுக்கினேன். நாடாவை எடுக்கக் குனிந்தால், நாடா இல்லை. சோடிக்கு ஒரு உருளைதான் கொடுத்திருந்தார்கள். என் அறையில், கொழும்பிலிருந்து சோதிக்க வரப்போகிற துரை பார்த்து மெச்சட்டும் என்று, மூன்று சுற்றுப் போடவேண்டிய இடத்தில் ஆறு சுற்றுப் போட்டு உருளையைத் தீர்த்திருந்தேன். களஞ்சியக்காரர் ஜபார் நானாவிடம் கேட்கலாமென்று ஓடினேன். அவரும் பூட்டுப் போட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போனவர் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மக்பூலாக இருந்தால் ஜபார் நானாவின் வீட்டைத் தேடிப் போயிருப்பான். நான் என் பையைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் கிழிந்த வலையை எறிவதில்லை, பையாகக் கட்டிக்கொள்வோம். புத்தளத்துக்கு வந்தபோது என் உடுப்புகளும் அப்படியொரு பையில்தான் வந்தன. அதன் ஒரு மூலையை அறுத்து நூலைப் பிரித்தேன். நல்ல முறுக்கேறிய நூல், பட்டை அவித்த சாயத்தில் நாடாவைப் போலவே கறுத்திருந்தது. ஐந்து இணைப்பிலும் இடைவெளி இல்லாமல் சுற்றி, வலை கட்டுகிற முடிச்சைப் போட்டு முடித்தேன். கடல் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த முடிச்சு ஒன்றைத்தான். இணைப்புப் பெட்டிகளின் மூடியைப் போட்டுப் பூட்டியபோது எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலரை மணிக்கு மக்பூல் வந்தான். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்ததாம். நாடா காணுமாக இருந்ததா, குறைந்துபோகவில்லையா என்று கேட்டான். காணும் என்றேன். அவன் புத்தகத்தில் கையெழுத்து வைத்தான். அவனுடைய எழுத்து அழகானது.

மறுநாள் உச்சி வெயிலில் மாஸ்டர் மெகரைக் கொண்டுவந்தார். கைப்பிடியைச் சுற்றினால் வயரிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று முள் காட்டுகிற பெட்டி அது. இரண்டு அறையிலும் முள் மேலே ஏறி அசையாமல் நின்றது, கசிவு இல்லை. மாஸ்டர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் மற்றவர்கள் மாலை போட்டதற்குச் சமம்.

சோதனைத் துரை செவ்வாய்க்கிழமை வந்தார். வெயிலுக்குப் பயந்து காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். இரவு முழுக்கக் கடல்காற்று அடித்திருந்தது. கந்தோரின் கூரை ஓடுகளும் கதவும் வேர்த்த உடம்பைப்போல் ஈரமாக இருந்தன. என் அறையில் முள் ஏறியது. மக்பூலின் அறையில் துரை கைப்பிடியைச் சுற்றினார், திரும்பச் சுற்றினார். முள் எழும்பவேயில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வலை ஆறு வருசம் கடலில் கிடந்தது. எவ்வளவு காய்ந்தாலும் நூலுக்குள் உப்பு இருக்கும். வெயிலில் சும்மா கிடக்கும். இரவானால் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஈர உப்பில் கரண்ட் ஓடும் என்பதை மூன்றாம் மாதத்தில் மாஸ்டர் ஒரு கண்ணாடிக் குவளையில் எங்களுக்குக் காட்டியிருந்தார். பல்ப் எரிந்தபோது முதலில் கைதட்டியது நான்.

துரை மூடிகளைக் கழற்றச் சொன்னார். மாஸ்டர் ஏணியில் ஏறி முடிச்சோடு ஒரு சுற்று நூலை அறுத்துக்கொண்டு இறங்கினார். துரை அதைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்து, மக்பூலின் பெயரை வாசித்தார். இது உன் அறையா என்று கேட்டார். மக்பூல் அந்த நூலைப் பார்த்தான். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தான். அதிகம் இல்லை, ஒரு மூச்சு நேரம்.

"ஓம் சேர். எண்ட அறதான்," என்றான்.

அதில் பொய் இல்லை. வேறு எதைச் சொன்னாலும் அன்று தான் அங்கே நிற்கவில்லை, கையெழுத்துப் பொய் என்றாகிவிடும்.

மாஸ்டர் துரையிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். கடற்கரையில் பிறந்தவருக்கு அந்த முடிச்சு தெரியாமல் இருக்குமா? டவுனில் பிறந்து உப்பு வாரினவனுக்கு அதைப் போடத்தான் தெரியுமா? அதை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நிக்கொலஸ், இதைப் பற்றி உனக்கு என்னவும் தெரியுமா?"

"தெரியாது சேர்," என்றேன்.

அது வாயிலிருந்து வந்த வேகத்தை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. வகுப்பில் ஒரு கேள்விக்கும் நான் அவ்வளவு கெதியாகப் பதில் சொன்னதில்லை.

துரை மக்பூலின் பெயருக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். மக்பூல் தன் சாமான்களை வாங்கின்மேல் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனான்.

மூன்று நாள் தரை ஆடாமலேயே வாந்தி வந்தது. வெள்ளிக்கிழமை மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் இருந்த ஸ்குரூ ஆணிகளைப் பெரியது சிறியதாகப் பிரித்துக்கொண்டே கேட்டு முடித்தார்.

"துரைக்கு முன்னால சொல்லியிருந்தியெண்டா, தாய்க்கு வருத்தம் எண்டு சொல்லி ரெண்டு பேருக்கும் மறுசோதனை கேட்டிருப்பன். அதுக்காகத்தான் உன்னட்டக் கேட்டனான்."

அவர் ஓர் ஆணியைச் சிறியவற்றின் பக்கம் தள்ளினார்.

"இனிக் கடிதம்தான் எழுதலாம். எழுதினா உன்ர பேரை வெட்டுவாங்க. அது நிச்சயம். அவனுக்குக் குடுப்பாங்களோ எண்டது நிச்சயமில்ல. எழுதட்டா?"

"யோசிச்சுச் சொல்லுறன் சேர்," என்றேன்.



மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனேன். செப்டெம்பர், உப்பு வாருகிற காலம். பாத்தியில் முழங்கால்வரை சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மக்பூல் உப்பை வரம்புப் பக்கம் இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு சலாம் சொன்னான். உம்மா எழும்பி நடக்கிறா என்றான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். வரம்பில் நின்றபடியே நான் மாஸ்டரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"எப்ப சொன்ன?"

"நேத்து."

அவன் உப்பை இழுத்தான். வெள்ளையின் பளபளப்பில் அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"கடிதம் எழுதட்டா எண்டு கேட்டார். எழுதினா எனக்குச் சான்றிதழ் இல்ல. உனக்கும் கிடைக்குமோ தெரியாதாம்."

"நீ என்ன சொன்ன?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதாகச் சொன்னேன். அவன் உப்பு இழுக்கிற கோலைப் பாத்தியில் ஊன்றினான். ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், அதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் நடந்து போனதும்.

"சரி, யோசி," என்றான். "அங்கால தள்ளி நிண்டு யோசி மச்சான். வரம்பு உடஞ்சிரும்."

நான் இறங்கி நின்றேன். அவன் நான் நின்ற இடத்து மண்ணைக் காலால் அழுத்திச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். வெயில் ஏறுகிறவரை நின்றேன். பிறகு மாஸ்டர் இருந்த கொட்டகைக்கு முன்னால் இரண்டு தரம் நடந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை.

பத்து நாளில் என் சான்றிதழ் தபாலில் வந்தது. கொழும்பு ரயில் காலை ஆறு மணிக்கு. நான் ஐந்து மணிக்கே ஏறி, யாரும் வந்து கூப்பிடாதபடி நடுப்பெட்டியில் கதவுக்குத் தூரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.