மூங்கிலில் மிஞ்சிய சீட்டு

திங்கட்கிழமை ஜப்பான். பிரீசா மிஸ் எங்கிருந்தோ ஒரு முழு மூங்கிலைப் பிடித்து வந்து அருங்காட்சியக முற்றத்தில் மணல் தொட்டிக்குள் நட்டு வைத்தாள். உலகத்துப் பண்பாடுகளையெல்லாம் ஒரே கூரையின் கீழ் அடைத்து வைத்திருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில், கோடை முகாம் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாடு; வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் விழா. ஜப்பானில் ஆசைகளை வண்ணச் சீட்டில் எழுதி மூங்கிலில் கட்டுவார்களாம். பதினெட்டுப் பிள்ளைகளும் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிக் கட்டினார்கள். அத்தோடு முடிந்தது என்று பிரீசா மிஸ் நினைத்தாள்.

பாவம், அவள் வடக்கே மொந்தெர்ரேக்காரி. மெக்சிகோ நகரத்து ஜனங்களை அவளுக்குத் தெரியாது. இங்கே ஜனவரி வந்தால் பிள்ளைகள், குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்த மூன்று ராஜாக்களுக்குக் கடிதம் எழுதி, பலூனில் கட்டி வானத்தில் விடுவார்கள். அது யார் வீட்டு மொட்டைமாடியில் விழுகிறதோ, அவர் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கடிதத்தை எடுத்தவர் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளின் கோணல் கையெழுத்தைக் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் யார் சும்மா விடுவார்கள்?

செவ்வாய்க்கிழமை காலையிலேயே சீட்டுகள் குறையத் தொடங்கின. மதியத்துக்குள் காவல் மேசையில் ஒரு கால்பந்தும் கலர் பென்சில் பெட்டியும் பெயர் எழுதி வந்து உட்கார்ந்துவிட்டன.

"டோன்யா லாலா, என் மூங்கிலை மொட்டையடிக்கிறாங்க, நீங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே!" என்று பிரீசா மிஸ் கத்தினாள்.

"பாத்துக்கிட்டே நிக்கிறதுதான் மிஸ் என் வேலை" என்றாள் எவுலாலியா. இருபது வருஷமாக அந்த வாசலில் காவல் நிற்பவள். ஊரே அவளை டோன்யா லாலா என்றுதான் கூப்பிடும்.

புதன்கிழமை ஒரு பெரியவர், நாய்க்குட்டி கேட்ட பையனுக்கு நிஜமான நாய்க்குட்டியையே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அது பை வைக்கும் அறையில் மூன்று குடைகளைக் கடித்துக் குதறியது. தங்கைக்கு முடி கொட்ட வேண்டும் என்று எழுதியிருந்த இக்கேருக்குக்கூட யாரோ ஒரு சீப்பு வாங்கி, 'தங்கைக்குத் தலை வாரி விடு' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவன் ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்தான்.

வியாழக்கிழமை ஒரே ஒரு சீட்டு மிஞ்சியது. மஞ்சள் சீட்டு. 'அம்மா வெள்ளிக்கிழமை விழாவுக்கு வரணும். நயேலி, ஒன்பது வயது.'

அதை யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்தார்கள், படித்தார்கள், திருப்பிக் கட்டினார்கள். ஒரு அம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கட்டினாள். நயேலியின் அம்மா அமெரிக்காவில், ஹூஸ்டனில் ஹோட்டல் அறை துடைக்கிறாள். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது போனவள். விசா, காகிதம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டிப் போனவள் இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. பிள்ளையை வளர்ப்பது சித்தி. அவளும் சந்தையில் ஜூஸ் கடையை விட்டு நகர முடியாதவள். நயேலி ஒவ்வொரு இடைவேளையிலும் மூங்கிலடிக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள். டோர்த்தா ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த இக்கேர், "உன்னுது மட்டும் யாருக்கும் வேணாம் போல" என்றான்.

எவுலாலியாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும்போது மஞ்சள் சீட்டை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். காற்றில் விழுந்துவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளட்டும். அது ஒரு காரணம். இன்னொன்றை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சிக்காகோவில் கூரை வேய்கிற அவள் மகன் எஃப்ரேனைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தச் சீட்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் அது அவளுடையது.

வெள்ளிக்கிழமை காலை நயேலி உள்ளே நுழைந்தாள், வெறும் மூங்கிலைப் பார்த்தாள், ஓடி வந்தாள்.

"டோன்யா லாலா! எடுத்துட்டாங்க! என்னுதை எடுத்துட்டாங்க! யாரு? ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளைதான்" என்று வாய் சொல்லிவிட்டது.

"நல்லவங்களா?"

"தெரியலடா கண்ணு."

அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் பிள்ளை உள்ளே ஓடிவிட்டாள். நயேலி முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் தன் ஸ்வெட்டரை விரித்து இடம் பிடித்தாள். சின்னச் சத்தம் கேட்டாலும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றவள் எவுலாலியா. பிள்ளையின் கண் அவளைத் தாண்டித் தெருவைத் தேடியது.

பன்னிரண்டு மணிக்கு நாற்காலிகள் நிரம்பின, ஒன்றைத் தவிர. பிள்ளைகள் தாங்களே செய்த அட்டை முகமூடிகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நயேலி மட்டும் முகமூடியைக் கையில் வைத்திருந்தாள்.

"மாட்டிக்கோ நயேலி, மேளம் அடிக்கப் போறாங்க" என்றாள் பிரீசா மிஸ்.

"மாட்டேன் மிஸ். அம்மா நேர்ல என்னைப் பாத்தது மூணு வயசுல. முகத்தை மூடிக்கிட்டா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

இருபது வருஷத்தில் முதல் முறையாக எவுலாலியா வேலை நேரத்தில் வாசலை விட்டு நகர்ந்தாள். முற்றத்தைக் கடந்து போய்ப் பிள்ளைக்கு முன்னால் முழங்கால் போட்டாள். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

"நான்தான்டா எடுத்தேன்."

நயேலி சீட்டைப் பார்த்தாள். பிறகு எவுலாலியாவின் கைகளைப் பார்த்தாள். அவற்றில் வேறொன்றும் இல்லை.

"எடுத்தா கொண்டு வரணும்ல?"

"ஆமா. கொண்டு வரணும். என்னால முடியாது."

"அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?"

"நீ அண்ணாந்து அண்ணாந்து பாத்தது எனக்குத் தாங்கல. என் பையனும் அந்தப் பக்கம்தான் இருக்கான். எஃப்ரேன். பதினோரு வருஷமாச்சு."

"நீங்க அவருக்குச் சீட்டு எழுதலையா?"

"பெரியவங்க எழுதலாமா என்ன?"

நயேலி யோசித்தாள். அழுவாள் என்று எவுலாலியா எதிர்பார்த்தாள். அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருக்கலாம். நயேலி சீட்டை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"திரும்பக் கட்டுங்க. மேல, யாருக்கும் எட்டாத இடத்துல. முடியாதவங்க எடுக்கக் கூடாது."

எவுலாலியா எழுந்து, மூங்கிலை வளைத்து, நுனியில் கட்டினாள். அவிழாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டாள். நயேலி நாற்காலியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டாள்.

"இங்க உக்காருங்க. காலியா இருந்தா நல்லா இருக்காது."

பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு, அவிழ்ந்த ஷூ கயிறு இழுபட வரிசைக்குப் போய்விட்டாள்.

மேளம் அடித்தது. ஒரே அட்டை, ஒரே சிவப்பு மை, பதினெட்டு முகமூடிகள் சுற்றிச் சுற்றி ஆடின. எவுலாலியா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தேடினாள். இடது கால் ஷூவின் கயிறு தரையில் இழுபட ஆடிக்கொண்டிருந்தவள் நயேலிதான். அவள் ஒரு முறைகூட வாசல் பக்கம் திரும்பவில்லை.