உதவிப் புள்ளி

ஒன்பதாவது தடவையாக நிமலனின் சக்கர நாற்காலி பனிச்சரிவில் உருண்டு குழிக்குள் விழுந்தது. ஒன்பதாவது தடவையாக ரஜிதன் இறங்கி வந்து தூக்கிவிட்டான். திரையின் மூலையில் பச்சை எழுத்து மின்னியது: உதவிப் புள்ளி இருபது.

"இன்னொருக்காத் தள்ளு மச்சான். படகுக்கு எண்ணெய் வாங்கப் புள்ளி காணும்," என்று ஹெட்போனில் ரஜிதனின் குரல் கேட்டது.

வெற்றி தள்ளினான். மூவரும் சிரித்தார்கள். நிமலனும்தான் சிரித்தான். அவன் செய்த பிழை அதுதான்.

பனித்தீவு என்பது அந்த விளையாட்டின் பெயர். பல ஊர்க்காரர்கள் இணையத்தில் கூடி, குளிருக்கும் பசிக்கும் தப்பி நாட்களைக் கடத்த வேண்டும். செத்தால் செத்ததுதான், மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஹென்டர்சனில் டயர் மாற்றும் ரஜிதன், மனுகாவ் மாலில் போன் விற்கும் மலேசியக்காரன் வெற்றி, மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்னறையில் இருக்கும் நிமலன் ஆகிய மூவரும் நாலு வருடமாக ஒரே அணி. ஒரே நகரத்தில் இருந்தும் நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கூப்பிட்ட போதெல்லாம் நிமலன் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவான்.

ஆறு வருடங்களுக்கு முன் மோட்டார்வேயில் நடந்த விபத்துக்குப் பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இது அவர்கள் இருவருக்கும் தெரியாது. அவர்கள் அறிந்த நிமலன் தீவிலேயே வேகமாக ஓடுகிறவன், வாய் நீண்டவன், தின்னிப் பண்டாரம். விபத்துக்குப் பிறகு பழைய கூட்டாளிகள் எல்லாரும் பஞ்சு போன்ற குரலில் பேசினார்கள். கொஞ்சக் காலத்தில் அந்தக் குரல்களும் நின்று போயின. உலகத்தில் அவனை வாய் நிறையத் திட்டுவதற்கு மிச்சமிருந்தது இந்த இரண்டு பேர்தான். இவர்களையும் இழந்தால் அந்தப் பின்னறையில் அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை விளையாட்டில் புதிய பாத்திரங்கள் வந்தன. செயற்கைக் கால் வைத்தவள், காது கேட்காதவன், சக்கர நாற்காலிக்காரன். கடைசிப் படத்தை நிமலன் அரைமணி நேரம் பார்த்தபடி இருந்தான். பின்னாலிருந்து தள்ளுகிறவனுக்குக் கைப்பிடி அழகாக வரைந்திருந்தார்கள். அதில் இருக்கிறவன் தானே சுழற்றுகிற வளையம் சக்கரத்தில் இல்லை. ஆனாலும் அதையே தேர்ந்தெடுத்தான். ஏனடா என்று ரஜிதன் கேட்டதற்கு, சும்மா புதுசாகப் பார்ப்போம் என்றான். தீவிலாவது தன் உருவத்தில் இருந்தால் என்றாவது ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அந்த விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

அவன் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. விளையாட்டைச் செய்தவர்கள் நல்ல மனதோடுதான் ஒரு விதி வைத்திருந்தார்கள்: இயலாதவர்களுக்கு உதவினால் புள்ளி. புதன்கிழமையே ரஜிதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டான். தள்ளி விழுத்தினால் தூக்கலாம், தூக்கினால் புள்ளி.

இன்று சனிக்கிழமை, பருவத்தின் கடைசி நாள். நாலு மணிக்கு முன் படகேறிக் கரை சேராதவர்கள் புயலில் சாவார்கள். ரஜிதனும் வெற்றியும் ஐம்பத்திரண்டு நாள் உயிரோடு இருந்தவர்கள். எண்ணெய் வாங்கியாயிற்று. படகில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. ஆனால் நாற்காலியை ஏற்றினால் விறகுக்கட்டுக்கு இடமில்லை.

"விறகை ஏத்து. நாற்காலி கிடக்கட்டும். அது பொயின்ட் மெசின்தானே," என்றான் ரஜிதன். "நிமலன், நீ அடுத்த முறை காலுள்ள ஒருத்தனா வா."

இதையும் ஒரு பகிடியாக்கிச் சிரித்திருக்கலாம். நிமலன் வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை. திரையில் வெற்றி விறகைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சுக்கான் பக்கம் போன ரஜிதன் திரும்பியும் பார்க்கவில்லை.

"டேய்," என்றான் நிமலன். "எனக்கு உண்மையாவே கால் ஏலாது. ஆறு வருசமா இப்பிடித்தான்."

வெற்றியின் பாத்திரம் விறகோடு அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெற்றி விறகைக் கடலில் போட்டான். இருவரும் சேர்ந்து நாற்காலியைப் படகில் ஏற்றினார்கள். ரஜிதன் தன் கம்பளியைக் கழற்றி நிமலனுக்குப் போர்த்தினான். வெற்றி மூன்று தரம் மன்னிப்புக் கேட்டான். படகு நகர்ந்தது.

நிமலனுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு அந்தக் குரல்களைக் கவனித்தான்.

குளிருதா என்று ரஜிதன் கேட்டான். பசிக்கிறதா என்று வெற்றி கேட்டான். அதே பஞ்சுக் குரல். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களின் குரல்.

வேண்டுமென்றே நிமலன் கடைசி இரண்டு மீன் டின்னையும் தானே தின்றான். முன்பானால் ரஜிதன் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பான்.

"பரவாயில்லை. நீ சாப்பிடு," என்றான் இப்போது.

சுக்கானைப் பிடிக்கிறேன் என்று வாங்கி நிமலன் படகைப் பனிப்பாறையில் உரசினான். பக்கப் பலகை பிளந்தது.

"பரவாயில்லை லா, யாருக்கும் நடக்கிறதுதான்," என்றான் வெற்றி.

கட்டிலைச் சுற்றி நின்றவர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். முதலில் பரவாயில்லை, பிறகு வாரம் ஒரு மெசேஜ், பிறகு ஒன்றுமில்லை. கரை சேருவதற்குள் இந்த இரண்டு பேரும் போய்விடுவார்கள். படகில் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்விடுவார்கள்.

கரை தெரிந்தது. புயலுக்கு ஆறு நிமிடம். நிமலன் எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டிய டின்னைக் கழற்றித் தூக்கினான். அவனைப் பத்துத் தரம் விழுத்தித் தூக்கித்தான் அதை வாங்கினார்கள். ஒரு கணம் அவன் கை தயங்கியது. இதற்கும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால்?

கடலில் எறிந்தான்.

படகின் எஞ்சின் இருமி நின்றது. நிமலன் கண்ணை மூடிக்கொண்டான்.

"உனக்கென்ன விசரே?" ரஜிதனின் குரல் கீழே இருந்து கிளம்பி மேலே ஏறியது. "ஐம்பத்திரண்டு நாளடா, அறுந்தவனே. வேலையால வந்து சாப்பிடாமக் கொள்ளாம இருந்து காப்பாத்தின உசிர். கால் ஏலாதெண்டா கையுமா ஏலாது? மூளையுமா ஏலாது?"

"பொறு லா," என்றான் வெற்றி.

"நீ பொத்து. நான் இவனோட கதைக்கிறன். நாலு வருசம், டேய். என்ர மனிசி என்னை விட்டுட்டுப் போன அண்டைக்கு உன்னட்டத்தானே முதல் சொன்னனான்? உன்ர காலைப் பற்றி நீ ஒரு சொல் சொன்னியா? குழிக்குள்ள தள்ளித் தள்ளிச் சிரிச்சன். நீயும் சேந்து சிரிச்சாய். என்னை என்ன மிருகம் எண்டு நினைச்சனி?"

திரையில் பனி ஏறியது. முதலில் கம்பளி இல்லாத ரஜிதன் விறைத்துச் செத்தான். பிறகு வெற்றி. கடைசியாக நிமலன். மூன்று பெயர்களும் சாம்பல் நிறமாயின. முதல் நாளிலிருந்து தொடங்கவா என்று விளையாட்டு கேட்டது. யாரும் அதை அழுத்தவில்லை. ரஜிதன் இன்னும் மூச்சிரைத்துத் திட்டிக்கொண்டிருந்தான். நிமலன் கன்னத்தைத் துடைக்காமல் ஒவ்வொரு சொல்லையும் கேட்டான்.

"சொல்லித் துலை. எப்பிடி நடந்தது?" என்றான் ரஜிதன் கடைசியில்.

நிமலன் மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்தான்.

"பிழை என்னிலதான்," என்று தொடங்கினான். "அண்டைக்குக் காரை நான்தான் ஓடினனான்."