அப்பாவின் பின்னால்

தப்புச் சத்தம் நின்ற இடைவெளியில்தான் ஒலிபெருக்கி கேட்டது.

"மேல் லயத்து ஆளுங்க எல்லாரும் ஒடனே எறங்குங்க! மண்சரிவு அபாயம்! ஒடனே எறங்குங்க!"

கீழ் ரோட்டில் ஊர்ந்து போன ஆட்டோவிலிருந்து வந்த குரல். தப்பு அடிப்பவர்கள் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள். குரல் அமுங்கிப்போனது.

ஜெயந்தினி ஊற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே வழிந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயத்தில், அவர்கள் வீட்டு முன் காம்பராவில் அப்பா ஆண்டியப்பன் பெட்டிக்குள் படுத்திருந்தார். தகரக் கூரையில் மழை விடாமல் இறங்கியது.

"விடிஞ்சதுல இருந்து கத்துறான்" என்றார் பூசாரி சிவசாமி, கோப்பையை வாங்கிக்கொண்டே. "போன வருசமும் இப்படித்தான். ஸ்கூல் சீமெந்துல கெடந்து வெறச்சிட்டுத் திரும்பி வந்தா, மலை இருந்த எடத்துலதான் இருந்துச்சு. கோழிங்களத்தான் காணோம்."

"அந்தக் கோழிங்க ஒங்க சட்டிக்குள்ள போனது எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் மீனம்மா அத்தை.

துக்க வீடு என்பதையும் மறந்து இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தை உடனே தன் அண்ணனின் பெட்டியைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் அடித்தது. கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த அண்ணன் நிரோஷன்.

"ரோடு ஒடைஞ்சிருக்கு. ராகலையில இருந்து நடந்து வர்றேன். நான் வராம தூக்கிறாத. அப்பாவ நம்ம வீட்டுல வச்சுதான் நான் பாக்கணும். சொல்லு, தூக்க மாட்டேன்னு சொல்லு."

"தூக்க மாட்டேண்ணே."

சொல்லிவிட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் சீலையைத் தலையில் போர்த்தியபடி பீலிக்கு நடந்தாள். லயத்துக்கே குடிக்கவும் குளிக்கவும் மலையிலிருந்து தண்ணீர் வந்து கொட்டுகிற இடம் அது.

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். புள்ளக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு எடுத்தபோது ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். அழுகிற பிள்ளைகளை அடக்க, கண்ணை மூடச் சொல்லி, கேட்கிற சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்வது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு அவளே அதைத் தினமும் இந்தக் கல்லில் செய்தாள். "தூங்குறதுக்கு ஒரு பேரு வச்சிருக்கா எம்மக" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கண்ணை மூடினாள். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தாள்.

தேயிலை மேல் மழை. தப்பு. அத்தையின் ஒப்பாரி. தூரத்தில் கட்டிப்போட்ட நாயின் குரைப்பு. டர்பன்டைன் மரங்களில் காற்று. அவளுடைய மூச்சு.

ஏதோ ஒன்று குறைந்தது.

மறுபடி முதலிலிருந்து கேட்டாள். மழை, தப்பு, ஒப்பாரி, நாய், காற்று. கண்ணைத் திறந்தாள். இந்த மழைக்குப் பீலி இரைந்து கொட்டியிருக்க வேண்டும். குழாயின் வாயில் சேற்று நிறத்தில் நூல் போல ஒரு கசிவுதான் இருந்தது. மேலே எங்கேயோ மலை தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது.

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. ஓடினால் என்ன சொல்வது? மறுபடி கண்ணை மூடினாள். நடுக்கம் தோளிலிருந்து கைக்கு இறங்கி, விரல் நுனியில் நிற்கும்வரை மூச்சை மட்டும் கவனித்தாள். அண்ணனின் குரல் வந்தது. 'தூக்க மாட்டேன்னு சொல்லு.' வரட்டும் என்று விட்டாள். அது போனது. கல் மட்டும் அடியில் குளிர்ந்து கிடந்தது.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

"பூசாரி மாமா, பீலி நின்னு போச்சு."

"குழாயில எல அடைச்சிருக்கும் புள்ள. காலையில பாத்துக்கலாம்."

அவள் வாசலில் நின்று லயத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஆட்கள் குந்தியிருந்தார்கள். சொன்னால் நகரமாட்டார்கள். சொல்லிச் சொல்லித்தான் ஆட்டோக்காரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"தூக்குங்க."

தப்பு நின்றது.

"மூத்தவன் வரலியேடி!" என்றாள் அத்தை.

"தூக்குங்க அத்தை. பொம்பளைங்களும் வரணும். புள்ளைங்களையும் கொண்டாங்க. படுத்துக் கெடக்குறவங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு வாங்க. அப்பா பின்னால எல்லாரும் வரணும்."

"பொம்பள எங்கடி மயானத்துக்கு?"

"மயானத்துக்கு இல்ல. கோயிலுக்கு."

சிவசாமியின் கை தானாக இடுப்புச் சாவியைப் பொத்தியது. லயத்துக்குக் கீழே, அடுத்த மேட்டில், பாறை மேல் கட்டிய மாரியம்மன் கோயில். துக்கம் விழுந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது.

"பொணத்தையா? அம்மனுக்கு முன்னாலயா? என்ன பேசுற புள்ள?"

"இவ்வளவு பேரும் ஒதுங்க வேற கூரை இல்ல மாமா. வர்ற பாவம் எனக்கு வரட்டும். தெறந்து விடுங்க."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்தார். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை கேட்கிறது. பெட்டி எழுந்தது. தப்பு முன்னே நடந்தது. கதவுகளில் குந்தியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் சேர்ந்தார்கள். கைப்பிள்ளைகள் வந்தார்கள். முடங்கிக் கிடந்த ஒருவர் நாற்காலியோடு வந்தார். ஜெயந்தினி கடைசியாக நின்று, எல்லாக் காம்பராவுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். போகிற வழியில் அந்த நாயையும் அவிழ்த்துவிட்டாள்.

பெட்டியை வெளி மண்டபத்தில் இறக்கி வைத்து, ஈரத் தலையைக்கூட யாரும் துவட்டி முடிக்கவில்லை. மேலே ஏதோ முறிந்தது. பிறகு, பெரிய லாரி ஒன்று கல்லைக் கொட்டுவது போன்ற சத்தம் நெடுநேரம் நிற்காமல் வந்தது. மண்டபத் தூண்கள் அதிர்ந்தன. லயம் இருந்த இடத்தின் மேல் பனிமூட்டம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. மீனம்மா அத்தை தன் அண்ணனின் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டுவதற்கு முன், முழங்கால்வரை சேற்றோடு நிரோஷன் கீழ் வழியாக ஏறி வந்தான். மூட்டத்தில் அவனுக்குக் கோயில் விளக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்ததும் பை கையிலிருந்து விழுந்தது.

"தூக்க மாட்டேன்னு சொன்னியேடி! நான் வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியலியா ஒனக்கு? இப்படியா, அனாதைப் பொணம் மாதிரி..."

ஜெயந்தினி அப்பாவின் கால் பக்கம் நனைந்திருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

சிவசாமிதான் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அவளத் திட்டாத தம்பி. ஒங்கப்பா எறங்கினதாலதான் நாங்களும் எறங்கினோம்."