மூட்டைப்பூச்சி மேனேஜர்

என் வீட்டுக்காரர் பத்து நாளைக்கு ஒரு தடவை எட்டு மூட்டைப்பூச்சிகளுக்குத் தன் கையைக் கடிக்கக் கொடுப்பார். சட்டையை மடித்துவிட்டு, வலை கட்டிய குப்பியை முழங்கைக்குக் கீழே கவிழ்த்து வைத்து, மறுகையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் வரும்.

விஷயம் இதுதான். பதினாறு வருஷம் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்தேன். முட்டி தேய்ந்து, மெத்தையைத் தூக்க முடியாமல் வேலையை விட்டேன். அப்போது ஒரு கம்பெனி ஆள் தேடியது. மூட்டைப்பூச்சியை மோப்பம் பிடிக்கும் நாய்களைக் கொண்டு ஹோட்டல் அறைகளைச் சோதித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். நாயை நம்மிடம் கொடுப்பார்கள். மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பழக்க வேண்டும். பிறகு பரீட்சை. பாஸானால் நாயும் வேலையும் நமக்கு. ஃபெயிலானால் நாயை வாங்கி வேறு ஊரில் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். நாய்தானே, போனால் போகிறது என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வந்தவன் காது தொங்கிய, பழுப்பு நிறத்து, ஒன்றரை வயதுப் பயல். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தான். எதுவும் சரியில்லை என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்தான். எங்கள் ஹோட்டல் மேனேஜர் அச்சு அசலாக இதைத்தான் செய்வார். அன்றைக்கே ‘மேனேஜர்’ என்று பேர் வைத்தாயிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து என் காலில் தலையை வைத்துத்தான் தூங்கினான். கால் மரத்துப் போனாலும் அவன் எழுந்திருக்கும்வரை அசைய மாட்டேன். யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாதவள் நான்.

பயிற்சி சுலபமாகத்தான் தெரிந்தது. உயிருள்ள பூச்சிகளைச் சின்னக் குப்பிகளில் போட்டு வீட்டில் ஒளித்து வைக்க வேண்டும். கூடவே காலிக் குப்பிகளையும் அங்கங்கே வைக்க வேண்டும். நாய் முகர்ந்துகொண்டே போய், பூச்சி இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இடுப்புப் பையிலிருந்து ஒரு பிஸ்கட். காலிக் குப்பிக்கு உட்கார்ந்தால் ஒன்றும் கிடையாது.

பதினாறு வருஷம் அந்தப் பூச்சிகளோடு மல்லுக்கட்டியவள் நான். கையால் தொட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால் பூச்சிக் குப்பிகள் அவர் பொறுப்பு. சாப்பாடு போடுவது, ஒளித்து வைப்பது எல்லாம் அவர்தான். காலிக் குப்பிகள் என் பொறுப்பு. இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டதை நினைத்துப் பெருமை வேறு பட்டேன்.

மேனேஜர் பிரமாதப்படுத்தினான். அலமாரிக்குப் பின்னால், தலையணை உறைக்குள், கடிகாரத்துக்கு அடியில் என்று எங்கே வைத்தாலும் நேராகப் போய் உட்கார்ந்தான். இரண்டரை மாதத்தில் ஒரு தப்புகூட இல்லை. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, புது இடத்தில் பழக்கலாம் என்று நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். என் வீட்டுக்காரரின் அக்கா. தரையில் முகம் பார்க்கலாம், வீட்டை அப்படி வைத்திருப்பவர். இன்னும் நாங்கள் ஒரு குப்பியைக்கூட வெளியே எடுக்கவில்லை. மேனேஜர் உள்ளே போய், புது அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தான். அப்புறம் சோபா. அப்புறம் கட்டில்.

நாத்தனார் முகம் வெளிறிப்போனது. “என்னம்மா இது, என் வீட்டுலயா?”

“அண்ணி, இவன் தப்பே பண்ண மாட்டான்” என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அரை மணி நேரத்தில் மெத்தைகள் மொட்டை மாடிக்குப் போயின. சோபா தலைகீழாக நின்றது. அண்ணி ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் துடைப்பமுமாகத் தரையில் படுத்துத் தேடினார். ஒரு பூச்சிகூட இல்லை. அந்த நேரம் பார்த்து அவர் கணவர் வெளியிலிருந்து வந்தார். மேனேஜர் ஓடிப்போய் அவர் எதிரே அடக்கமாக உட்கார்ந்து, பிஸ்கட்டுக்காக என்னைப் பார்த்தான்.

“இவரு மேலேயுமா?” என்று அண்ணி இரண்டடி தள்ளி நின்றார்.

“நான் என்னடி பண்ணேன்? இப்பதான் மச்சான் கடையில ஷேவ் பண்ணிட்டு வரேன்” என்றார் அவர், கன்னத்தைத் தடவிக்கொண்டே.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. என் வீட்டுக்காரருக்குச் சலூன் கடை. நாள் முழுக்க அந்த ஷேவிங் லோஷன் அவர் கையில் ஊறியிருக்கும். “ஏங்க, இந்த அலமாரிய யாரு உள்ள தூக்கி வச்சது?”

“நேத்து நான்தான் வந்து வச்சேன். சோபாவையும் கட்டிலையும் நகர்த்திக் குடுத்தேன். ஏன்?”

ஏனாம். இரண்டரை மாதமாக நாய் தேடியது பூச்சியை அல்ல, என் புருஷனை. அவர் தொட்ட குப்பிக்குப் பிஸ்கட், நான் தொட்ட குப்பிக்கு ஒன்றுமில்லை. அவன் வேறென்ன படிப்பான்? வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்ததும், பூச்சியைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தது யார் என்பது ஞாபகம் வந்தது.

கம்பெனிப் பயிற்சியாளர் அம்மாவுக்கு போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார்.

“உங்க வீட்டுக்காரர் இனிமே எல்லாத்தையும் தொடணும். காலிக் குப்பி, நாற்காலி, திரைச்சீலை, ஒண்ணு விடக் கூடாது. அவர் வாசனை எல்லா இடத்துலயும் இருந்தா அதுக்கு மதிப்பில்லாமப் போயிடும். பூச்சியை நீங்க கையுறை போட்டு வையுங்க.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் வீட்டில் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் வைக்காத மனுஷன், தினமும் காலையில் வீடு முழுக்கச் சாமான்களைத் தடவிக்கொண்டு நடந்தார். “தொடறதோட சரி. தூசி தட்டினா குறைஞ்சா போயிடுவீங்க?” என்று கேட்டேன். அது பயிற்சியில் வராது என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பூச்சிக் குப்பியைத் தூக்கினேன்.

மேனேஜர் குழம்பிப்போனான். முதல் மூன்று நாள் எங்கும் உட்காரவில்லை. நான் கத்தினேன். நான்காம் நாள் உட்கார ஆரம்பித்தான். மூன்று இடம், மூன்றும் சரி. நான் குதித்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குதிக்கவில்லை.

“இப்ப அவன் உன்னைப் பார்த்து உட்காருறான். பூச்சி வச்ச இடம் வந்ததும் நீ நின்னு முறைக்கிற. நீ முறைச்சா போதும், அவன் உட்கார்ந்துடறான்.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். காலி மேஜைக்கு முன்னால் நின்று அதையே பார்த்தேன். மேனேஜர் மேஜையை முகர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். மெதுவாக உட்கார்ந்தான். நான் கத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உட்கார்ந்தான். அன்றைக்கு எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அதற்கப்புறம் எட்டு நாளும் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து குப்பிகளை ஒளித்து வைத்தார். எங்கே என்று எனக்கும் தெரியாது. நாய் எங்கே உட்காருகிறதோ, அங்கே நான் கை தூக்க வேண்டும். பத்தில் ஏழு, பத்தில் எட்டு என்று ஏறியது. பத்துக்குப் பத்து ஒரு நாள்கூட வரவில்லை.

பரீட்சை ஒரு விடுதியின் மூன்றாவது மாடியில். நான்கு அறைகள். தேர்வாளர் ஒல்லியான மனிதர், கையில் மூடிய உறை. ஓர் அறையில் எத்தனை குப்பி இருக்கிறது, இருக்கிறதா இல்லையா, எதுவும் சொல்ல மாட்டார். ஒன்றை விட்டாலும் ஃபெயில், இல்லாத இடத்தில் கை தூக்கினாலும் ஃபெயில். கீழே கம்பெனி வண்டி நின்றது. பின்னால் நாய்க்கூண்டு. ஃபெயிலானால் மேனேஜர் அதில் ஏறிப் போய்விடுவான்.

முதல் அறையில் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தான். இரண்டாவதில் நாற்காலி. மூன்றாவதில் இரண்டு இடம். ஒவ்வொன்றுக்கும் கை தூக்கினேன், பிஸ்கட் கொடுத்தேன்.

நான்காவது அறையில் கட்டிலைச் சுற்றினான், திரைச்சீலையை முகர்ந்தான், அலமாரிக்குள் தலையை விட்டான். எங்கும் உட்காரவில்லை. இன்னொரு சுற்றுக் கூட்டிப்போனேன். மறுபடியும் ஒன்றுமில்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே மரச்சட்டத்தில் ஒரு விரிசல் இருந்தது. பதினாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், நான் பூச்சியாக இருந்தால் அங்கேதான் குடியிருப்பேன். அங்கே நின்றேன். மேனேஜர் அந்த விரிசலை முகர்ந்தான். தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான்.

நான் ஒரு நொடி பார்த்தால் போதும், உட்கார்ந்துவிடுவான். எனக்குப் பிடிக்கும் என்றால் எந்தப் பொய்யையும் சொல்வான் அந்தப் பயல். அவன் பின்னங்கால் மடங்க ஆரம்பித்தது. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் பக்கமாக நடந்தேன். பின்னால் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் நகங்கள் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் வந்து நின்றான். உட்காரவில்லை.

“முடிவு என்னம்மா?” என்றார் தேர்வாளர்.

“இந்த ரூம்ல ஒண்ணும் இல்லைங்க.”

“நிச்சயமாவா? வேணும்னா இன்னொரு தடவை பாருங்க.”

“அவன் ரெண்டு தடவை பார்த்துட்டான். இல்லைன்னா இல்லை.” குரல் நடுங்கியது. கோபத்தில் இல்லை, பயத்தில்.

அவர் உறையைப் பிரித்தார். நிதானமாகப் படித்தார், மனுஷன் கொஞ்சமாவது அவசரப்பட வேண்டுமே. பிறகு தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்காவது அறைக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

“இந்த ரூம்லதான் நிறைய பேர் கை தூக்கிடுவாங்க” என்று சொல்லி, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காலி அறைக்குப் பிஸ்கட் கிடையாது. அது விதி. அதனால் அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, முட்டி வலியையும் பார்க்காமல் நடைபாதையில் தரையிலேயே உட்கார்ந்தேன். இடுப்புப் பை முழுவதையும் அவன் முன்னால் கொட்டினேன். அவன் தின்னத் தின்ன அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். தேர்வாளர் எங்களைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றார், நிற்கட்டும்.

கடைசித் துணுக்கையும் நக்கி முடித்து அவன் நிமிர்ந்ததும் சொன்னேன். “வாடா மேனேஜர், வீட்டுக்குப் போலாம்.”