ரெண்டரையைக் கழித்த டாக்டரய்யா

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்த றோலண்டை எல்லாரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுக்கிறவன் என்று சொல்ல அவருக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், இந்த இடத்தில் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வார்.

1957இல் சளிக்காய்ச்சல் கொழும்பைப் பிடித்தாட்டியபோது, தோட்ட ஆஸ்பத்திரிகளை எப்படித் தயார்ப்படுத்துவது என்று ஹட்டனில் ஒரு கூட்டம் போட்டார்கள். குளிருக்குச் சன்னலெல்லாம் சாத்திய மண்டபம், உள்ளே முப்பது டிஸ்பென்சர்மார். கூட்டம் கூடாதீர்கள் என்று விளக்கியவரே லொக்கு லொக்கென்று இருமினார். றோலண்ட் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்தவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சுவருக்குச் சுண்ணாம்பு, பன்னிரண்டு கட்டிலுக்கும் வெள்ளை விரிப்பு, புதுக் கம்பளி! கொழுந்தெடுக்கும் வேலாயியைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்று இருமிக்கொண்டு, மூன்று நாள் கட்டில் தேய்க்க வைத்தார். சனிக்கிழமை தோட்டத்துத் துரை வந்து பார்க்கும்வரை ஒரு குஞ்சும் அதில் உட்காரக்கூடாது என்று மிட்வைஃப் சுகிர்தத்துக்கு உத்தரவு. "ஆஸ்பத்திரி நோயாளிக்கா, துரைக்காய்யா?" என்று அவள் கேட்டது அவர் காதில் விழவேயில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அவரும் சுகிர்தமும் பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். வேலைக்குப் பேர் கொடுக்க வரும் ஆட்களை அங்கேயே சோதித்து, காய்ச்சல்காரருக்கு இன்று வேலை வேண்டாம் என்று துண்டு எழுதிக் கொடுப்பது திட்டம். தெர்மாமீட்டர் சரிதானா என்று அறிய, முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்தார். நூற்றொன்று.

"ஐயா, உங்க கண்ணெல்லாம் செவந்திருக்கு. காய்ச்சல் உங்களுக்குத்தான்" என்றாள் சுகிர்தம்.

"எனக்கா? நல்லாருக்கு! இந்தச் சனியன் ரெண்டரை கூடுதலாக் காட்டுது."

"என் வாயில ஒருக்கா வச்சுப் பாருங்களேன்."

"நீ பேசாம இரு."

தெர்மாமீட்டரை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தோய்த்துத் துடைத்தார். அதில் குறையே சொல்ல முடியாது. பிறகு ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் குனிந்து இருமிக்கொண்டே, எல்லார் காய்ச்சலிலும் ரெண்டரையைக் கழித்தார்.

வேலாயியின் முறை வந்தது. "ஒடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குங்கய்யா. துண்டு ஒண்ணு குடுங்க."

நூற்றொன்று. கழித்தால் தொண்ணூற்றெட்டரை. "ஒண்ணுமில்ல, கொழுந்தெடுக்க மலைக்குப் போ."

நடுப்பகலில் அவளைக் கம்பளியில் போட்டு நான்கு பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழையில் நனைந்துகொண்டே கொழுந்தெடுத்தவள் தேயிலை நிரையிலேயே விழுந்துவிட்டாளாம். உதடு கறுத்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சுகிர்தம் யாரையும் கேட்காமல் தெர்மாமீட்டரைத் தன் வாயில் வைத்து, எடுத்து, றோலண்டின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். தொண்ணூற்றெட்டரை. மீட்டரில் ஒரு குறையுமில்லை.

வேலாயிக்கு நூற்று நான்கு. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "ஐயா, இப்பவாச்சும் துண்டு குடுப்பீங்களா?"

அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு அவளைத் தூக்கி வெள்ளை விரிப்பில் கிடத்தினார். துண்டும் எழுதினார். ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தவர், மறுநாள் தானும் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தார். இவள் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு எழுந்து நடப்பது என்பதே அவருக்கு நினைப்பாக இருந்தது.

சனிக்கிழமை துரை வந்தபோது பன்னிரண்டு கட்டிலும் நிரம்பியிருந்தன. துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காய்ச்சலை யார் கொண்டுவந்தது என்று அதட்டினார்.

றோலண்ட் படுத்தபடியே கையைத் தூக்கினார். "நான்தாங்க துரை. ஹட்டன் கூட்டத்துல எழுதின குறிப்போட சேர்த்து இதையும் கொண்டாந்துட்டேன்."

திங்கட்கிழமை காலையில் சுகிர்தம் அவர் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். "இன்னும் நூத்தியொண்ணு இருக்குய்யா."

பக்கத்துக் கட்டிலிலிருந்து கம்மிய குரலொன்று வந்தது. மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாத வேலாயி.

"ரெண்டரையக் கழிங்கம்மா. ஐயா மலைக்குப் போகட்டும்."

கட்டில் கட்டிலாகச் சிரிப்பு இருமலோடு கிளம்பியது. றோலண்டும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.