ஆறுதல் சொல்ல ஆள் தேவை

அந்தக் கடலோர ஊரில் தனியாக வாழும் முதியவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. பாதிப் பேரைப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவென்று கனடாவுக்கும் கத்தாருக்கும் கூட்டிப்போய்விட்டார்கள். மீதியில் பலர் கல்லறைத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனால் முதியோரின் தனிமையைப் போக்க ஊரில் மூன்று அமைப்புகள் இருக்கின்றன. மூன்றுக்கும் வாராவாரம் வேலை வேண்டுமே! அதனால் மிச்சமிருந்த சிலரை முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டன. அந்தச் சிலரில் ஒருத்தி ரீத்தா.

முழங்கால் முட்டு தேயும்வரை புதுக்கடைச் சந்தையில் மீன் விற்றவள் அவள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. புருஷன் இறந்த பிறகு, மகன் லிஜின் தோஹாவிலிருந்து கோயில் பங்கின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டான்: ‘எனது தாயார் தனிமையில் வாடுகிறார்.’ அன்றோடு அவளுடைய நிம்மதி போயிற்று. திங்கள் மாலை இளைஞர் இயக்கம் கிட்டாரோடு வரும். புதன்கிழமை முதியோர் நலக்குழு வந்து பலூன் ஊதச் சொல்லும், நுரையீரலுக்கு நல்லதாம். வியாழக்கிழமை ஆறுதல் மாதா சபை.

இந்தச் சபை இயங்கும் விதம் அழகானது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வீடு சந்திப்புக்குப் போக வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் ஜெபிக்கலாம். ஒருவர் கூட்டிச் சொன்னால் மற்றவர் இருமலாம். போன வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் குடிக்கக் கூடாது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மாதா சுரூபத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியும் எழுந்து நின்று, யாரைத் தேற்றினோம் என்று அறிக்கை சொல்ல வேண்டும். செயலர் முத்துநாயகம் எழுதிக்கொள்வார். கடிகாரத்தின் பல்சக்கரங்கள் மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகும் ஏற்பாடு. ஒரு பல் உடைந்தால் எல்லாம் நின்றுவிடும். அந்தப் பல்லுக்குப் பெயர் ரீத்தா.

ரீத்தாவுக்குப் பல்லாக இருக்கப் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் கேள்வி கேட்டார்கள். ஒருவரும் ஒரு சங்கதியும் சொல்லவில்லை. அவளுக்குத் தனிமை என்றால் ஆள் இல்லாமல் இருப்பது அல்ல. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது. அதற்கு நாலு வீடு ஏறி இறங்க வேண்டும். அப்படிப் போவதற்கு ஊரில் மரியாதையான வழி சபைதான்.

ஒரு வியாழக்கிழமை சபைத் தலைவி பெமிலா வந்து, கூட வந்தவள் ஓரமாக ஜெபிக்க, வழக்கம்போலக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மருந்து சாப்பிட்டியளா மாமி?”

“சாப்பிட்டேன்.”

“ஒறக்கம் வருதா?”

“நீ வந்தா வருது. பிள்ளே பெமிலா, என்னையும் சபைல சேத்துக்கோ. நானும் நாலு பேரத் தேத்துதேன்.”

பெமிலா பதறிவிட்டாள். “அது எப்பிடி மாமி? நீங்க எங்களுக்க சந்திப்பு இல்லியா! நீங்க சேந்துட்டா நாங்க யாருக்க வீட்டுக்குப் போவோம்?”

“ஊர்ல வேற கெழவியே இல்லியா?”

“எங்க கெடைக்கு? ஜெபகனி மாமியத் தொட்டா நலக்குழு சண்டைக்கு வருது. ஒங்களுக்கு முட்டு வேற வய்யாது. நீங்க சும்மா இருந்தாப் போதும்.”

சொல்லிவிட்டு ரீத்தாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டலைத்தான் ரீத்தாவால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை அவள் ஜெபகனியின் வாசலில் போய் நின்றாள்.

“ஏட்டி ஜெபகனி, சேலய மாத்து. ஆறுதல் சொல்லப் போணும்.”

“யாரு செத்தா?”

“யாரும் சாவல்ல. உயிரோட உள்ளவளுக்குத்தான்.”

“எனக்கு இன்னைக்குப் பலூன் உண்டே.”

“பலூன் நாளைக்கும் இருக்கும். வா.”

இருவரும் நேராகப் பெமிலாவின் மாடிவீட்டுக்குப் போனார்கள். அவள் புருஷன் சவுதியில். பெண்பிள்ளைகள் இரண்டும் நாகர்கோவில் விடுதியில். வாசல் கேட்டுக்கு மேலே ஒரு கேமரா. கதவைத் திறந்த பெமிலா, “என்ன மாமி, ஏதும் ஆபத்தா?” என்றாள்.

ரீத்தா உள்ளே போய் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். “மருந்து சாப்பிட்டியா மக்களே?”

“எனக்கு என்ன மருந்து?”

“ஒறக்கம் வருதா?”

“களியாக்குதியளா மாமி?” என்று பெமிலா கேலியென நினைத்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “எங்க வருது? வெள்ளாப்புக்கு முன்னயே, இருட்டுலயே முழிச்சிட்டு ஃபோனத் தடவிட்டுக் கெடப்பேன்.”

அப்போது அந்த ஃபோனே அடித்தது. புருஷன். “கேட்ட ஏன் அடைக்கல்ல? உள்ள போன ரெண்டு கெழவிய யாரு?”

“என்னக் காண வந்தவிய” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு பேசினாள். புருஷன் கூப்பிட்டால் விசாரிப்பதெல்லாம் கேட்டைத்தான் என்றாள். பிள்ளைகள் கூப்பிட்டால் சார்ஜர் எங்கே என்பார்களாம். வாரம் முழுக்க ஊரைத் தேற்றிவிட்டு வந்து, டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வாளாம். ரீத்தாவுக்கு வாய் திறக்க இடமும் கிடைக்கவில்லை. இடையில் சாயா வந்தது. ரீத்தா சட்டத்தைச் சொல்லி மறுத்தாள்.

“நான் ஒங்க சபைல இல்ல. எனக்குத் தா மக்களே” என்று ஜெபகனி இரண்டு கிளாஸையும் காலி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அழைக்காமலே கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். மற்ற ஜோடிகள் முடித்ததும் ரீத்தா எழுந்தாள்.

“நாங்க ஒரு வீட்டுக்குப் போனோம். அங்க ஒருத்தி தனியாக் கெடந்தா. தேத்துனோம். நான் ஒண்ணும் குடிக்கல்ல.”

முத்துநாயகம் பேனாவை உயர்த்தினார். “நீங்க உறுப்பினரே இல்லியே ரீத்தாக்கா. செரி, எழுதுதேன், கமிட்டி பாக்கட்டும். யாரத் தேத்துனிய? பேரில்லாம சந்திப்பு செல்லாது.”

பெமிலா மாதாவின் காலடியில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னால் அறிக்கை செல்லும், சபையில் இடமும் கேட்கலாம். ஆனால் ஆறுதல் சபையின் தலைவிக்கே ஆறுதல் தேவைப்பட்டது என்று கிறிஸ்துமஸ் வரை ஊர் சிரிக்கும்.

“அப்போ எழுதாண்டாம்” என்று சொல்லிவிட்டு ரீத்தா உட்கார்ந்தாள்.

“எனக்க பேர எழுதும்” என்றாள் பெமிலா. “என்னத்தான் தேத்துனாவ. ரெண்டு பேரையும் உறுப்பினர்ல சேத்துக்கிடும்.”

“தலைவியையே சந்திக்கலாம்னு சட்டத்தில...”

“கூடாதுன்னு எங்கயாது இருக்கா? பாத்துச் சொல்லும்.”

முத்துநாயகம் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கிடைக்கவில்லை. எழுதினார்.

கூட்டம் கலைந்து கோயில் படியில் இறங்கும்போது, பொருளாளர் அம்மாள் ரீத்தாவை ஒட்டி நடந்து, செவ்வாய்க்கிழமைகளில் தனக்கு வேலையே இல்லை என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள். பின்னாலேயே இன்னொருத்தி வந்து, தன் வீட்டுக்குப் போகும் வழியில் நாய் இல்லை என்றாள். கடைசியாக முத்துநாயகம் செருப்பைத் தேடும் பாவனையில் நெருங்கினார்.

“வெள்ளிக்கிழம சாயங்காலம் நான் வீட்ல சும்மாதான் இருப்பேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“வெள்ளி நெறஞ்சிட்டு தம்பி” என்றாள் ரீத்தா. “அடுத்த வாரம் பாப்போம். அதுவரைக்கும் தாங்கிக்கிடும்.”